பச்சை நாடாக் கட்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல் சூடாகும். அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் பழைய கொழுந்து மடுவத்து வாசலில் நின்றபோது என் இரண்டு காதும் கொதித்தன.

உள்ளே விஜயலெட்சுமி அக்கா சிவப்பு நாடா கட்டிய வாழைநார்க் கட்டொன்றிலிருந்து இரண்டு பிடி உருவினார். அதைப் பக்கத்திலிருந்த பச்சை நாடாக் கட்டின் மேல் பரப்பி, பிள்ளைக்குத் தலை வாருவதுபோல் சீப்பால் நீவிவிட்டார். பச்சை நாடாக் கட்டு செசிலி அக்காவுடையது.

"என்னக்கா செய்றீங்க?"

"கம்பெனிக்காரங்க வர்ற நாளுல்ல. செசிலி கட்டு சோர்ந்துபோய்க் கெடக்கு. மேல கொஞ்சம் நல்ல நாரு இருந்தா பார்க்க லட்சணமா இருக்கும்."

"இதுக்கு முன்னாடியும் இப்பிடிப் போட்டிருக்கீங்களா?"

அவர் சீப்பை நிறுத்தவில்லை. "எப்பவும் போடுறதுதானே. சோதனை நடந்த மூணு மாசமும் போட்டோம். அவளுக்குப் பேரு விழ வேணாமா?"

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நிரஞ்சலா, இந்தத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள். பதுளையில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர். மொனராகலைப் பக்கம் குலை வெட்டியதும் எறிந்துவிடுகிற வாழை மரங்களை லொறியில் ஏற்றிவந்து, நாரெடுத்து, கயிறு திரித்து, மண் சரியும் மேடுகளில் போர்த்துகிற வலை செய்ய முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. பணம் போட்டது ஒரு கம்பெனி. இடம் கொடுத்தது தோட்டம். கொழுந்து நிறுக்கப் புது மடுவம் கட்டிய பிறகு சும்மா கிடந்த இந்தப் பழைய மடுவத்தில் எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள்.

நார் எடுக்க இரண்டு வழி வைத்திருந்தோம். பச்சை மட்டையை அப்படியே பலகையில் வைத்துச் சுரண்டுவது ஒன்று, தோள் கழன்றுவிடும். அதற்குச் சிவப்பு நாடா. அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீரில் மட்டையை வேகவைத்து உருவுவது மற்றது, சுலபமான வேலை. அதற்குப் பச்சை நாடா. கைக்கு முடியாத மூன்று பேரைப் பச்சையில் போட்டேன். செசிலி அக்கா அவர்களில் ஒருவர். மலையில் கொழுந்துக் கூடையோடு விழுந்து, வலது மணிக்கட்டு கோணலாகவே பொருந்திவிட்டது. அந்தக் கையால் இனி கொழுந்து கிள்ள முடியாது.

சோதனை முடிவில் பச்சைதான் வென்றது. நனைந்த பிறகும் அறாமல் சிவப்புக்குச் சமமாக இழுபட்டது. கிருஷ்ணராஜ் சார், என் பேராசிரியர், அன்று எனக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இரசாயன மருந்து வாங்கத் தேவையில்லை, வேலையும் சீக்கிரம் என்று கம்பெனியும் பச்சையையே பிடித்துக்கொண்டது. ஒரு மாதமாக எட்டுப் பேரும் பச்சை நார் மட்டும்தான் எடுத்தார்கள்; மடுவத்தில் கிடந்த சிவப்புக் கட்டுகள் சோதனையில் மிஞ்சியவை. அதில் திரித்த கயிற்று வலை, கீழ் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் செவ்வாய்க்கிழமை கட்டியாகிவிட்டது.

வென்றது பச்சை அல்ல என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. வென்றது பச்சைக் கட்டின் மேல் கிடந்த சிவப்பு நார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். மேலுக்கு முடியாத ஒருத்திக்கு நிறை குறைகிற நாளில், பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கொரு பிடி அவள் கூடையில் போடுவார்கள். போடுவதும் நல்ல கொழுந்தாக இருக்க வேண்டும். முற்றல் இலையைப் போட்டால் தராசடியில் ஏச்சு வாங்குவது அவள்தானே. நான் வயிற்றிலிருந்த மாதங்களில் என் அம்மாவின் கூடை இப்படித்தான் நிறைந்ததாம்.

நார் மடுவத்துக்குள் பேரைக் கொண்டுவந்தது யார்? நான்தான். "நாளொன்றுக்கு இரண்டு கிலோ நார். குறைந்தால் அரைப்பேர்" என்று தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவள் நான். வேலையை அளக்க எனக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. சாம்பல் தண்ணீரில் மட்டை பாதி கரைந்துபோகும். கைக்கு முடியாத பச்சைக்காரிகளுக்கு இரண்டு கிலோ ஒருநாளும் சேராது என்பதை யோசிக்கவும் இல்லை. தோட்டத்திலிருந்து பதுளைக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில், பார்க்க லட்சணமாக இருந்த செசிலி அக்கா கட்டின் மேலிருந்தே பச்சை மாதிரி உருவிக்கொண்டு ஓடியவளும் நானே. படித்த கழுதை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"ஏம் புள்ள மொகம் இப்பிடிப் போச்சு?" என்றார் விஜயலெட்சுமி அக்கா.

சொன்னேன். வலையில் ஒரு பிடி சிவப்பு நாரும் இல்லை, அது எவ்வளவு தாங்கும் என்று எனக்கே தெரியாது என்று சொன்னேன். சீப்பு அவர் கையில் அப்படியே நின்றது. மூலையில் சாம்பல் சலித்துக்கொண்டிருந்த செசிலி அக்கா தலையை நிமிர்த்தவில்லை. அவருடைய வீடு கீழ் லயத்தில் நாலாவது காம்பரா.

அந்தக் கீழ் லயத்துப் பத்துக் குடும்பமும் இரண்டு வாரமாகத் தோட்டத்துப் பாடசாலையில்தான் படுத்திருந்தது. போன மழையில் மேட்டில் வெடிப்பு விட்டதும் அவர்களை அங்கே ஏற்றினார்கள். திங்கட்கிழமை பாடசாலை திறக்க வேண்டும். வலை கட்டியாயிற்று, இனிப் பயமில்லை, இன்று கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்து முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று தோட்டத்தை நிர்வகிக்கிற தொரை சொல்லிவிட்டார். சட்டி பானை ஏற்றிய லொறி காலையிலிருந்தே பாடசாலை வாசலில் நின்றது. சனிக்கிழமையிலிருந்து பெருமழை என்று வானொலியில் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் வெளியே வந்து கிருஷ்ணராஜ் சாருக்கு அழைப்பு எடுத்தேன்.

"சார், பச்சை முடிவு பிழை. மாதிரி கலப்படம்."

அவர் குரல் தணிந்தது. "நான் கம்பெனி நப்ரீஸ் சாரோட வண்டியில வாறேன். ஹாலிஎல தாண்டியாச்சு. பிறகு பேசுவம்."

"பிறகுன்னா முடியாது சார். சனம் இன்னைக்கே லயத்துக்குத் திரும்பிப் போகுது."

"அது தொரையோட முடிவு. நம்ம ரிப்போட்ல யாரையும் திரும்பிப் போகச் சொல்லி எழுதல."

உண்மை. நாங்கள் அப்படி எழுதவில்லை. ஆனால் "இக்கயிறு நனைந்த நிலையில் மூன்று உர மூட்டைப் பாரத்தைத் தாங்கும்" என்று நான் எழுதிய வரியைத்தான் தொரை, வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் வாசித்துக் காட்டினார். கிருஷ்ணராஜ் சாருக்கும் அது தெரியும்.

"இன்னைக்குக் கையெழுத்து முடியட்டும் நிரஞ்சலா. திங்கக்கிழமை திரும்ப டெஸ்ட் பண்ணுவம். உன்னோட தீசிஸும் இதுலதான் இருக்கு, மறந்துறாத."

மறக்கவா முடியும்? மூன்று வருட உழைப்பு. என் அப்பா லயம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிற பட்டம். தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டு, வலைக் கயிற்றில் மிஞ்சியிருந்த ஒரு பாகத்தை எடுத்து, மலைத்தண்ணீர் விழுகிற பீலியடியில் இருந்த பீப்பாவுக்குள் அமுக்கினேன். நனையட்டும். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

திரும்பியபோது விஜயலெட்சுமி அக்கா பின்னால் நின்றார்.

"சொல்லப் போறியா?"

"வேற என்னக்கா செய்ய?"

"சொன்னா மடுவத்த மூடுவாங்க. நாங்க மலைக்குப் போயிருவோம், எங்களுக்கு என்ன. செசிலி எங்க போவா? அந்தக் கைய வச்சுக்கிட்டு யாரு அவளுக்குப் பேரு போடுவா?"

"அக்கா, அந்த மேட்டுக்குக் கீழதான் அவங்க காம்பராவே இருக்கு."

"வலை அறுந்துரும்னு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதத வச்சு ஒருத்தி வாயில மண்ணப் போடாத."

எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்பதுதான் அன்று காலை என்னை அரித்தது. தெரிந்திருந்தால் ஓடிப்போய்க் கத்தியிருப்பேன்.

பத்தே முக்காலுக்கு வண்டி வந்தது. நப்ரீஸ் சார் கம்பெனி அதிகாரி, பண்டாரவளைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். இறங்கியதும் பெண்களுக்கெல்லாம் தனித்தனியாக வணக்கம் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தொரை மோட்டார் சைக்கிளில் வந்தார். மேசைக்கு விரிப்புப் போட்டு, கட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். செசிலி அக்காவின் கட்டு மற்ற எல்லாவற்றையும்விட மினுங்கியது.

நப்ரீஸ் சார் அதைத்தான் முதலில் தொட்டார். "மாஷா அல்லாஹ், பட்டு மாதிரி இருக்கே. இதா அந்தப் பச்சை?"

கிருஷ்ணராஜ் சார் என்னைப் பார்த்தார். தலையை மிக லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. நப்ரீஸ் சார் பேனாவைத் திறந்தார். தொரை வாசலில் நின்ற பையனிடம், "லொறியக் கெளப்பச் சொல்லு, பதினொரு மணியாச்சு" என்றார்.

என் வாய் தானாகத் திறந்தது.

"அது பச்சை இல்ல சார். மேல இருக்கிறது சிவப்பு. லாபுக்குப் போன மாதிரியும் இப்பிடித்தான் போயிருக்கு. மேட்டுல கட்டுன வலை எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியாது. தயவு செஞ்சு லொறிய நிப்பாட்டுங்க."

தொரை சிரித்தார். "பெரிய ஆளுங்களக் கண்டு பயந்துட்டா போல."

"புள்ளைக்கு ஒரு வாரமா நித்திரை இல்ல" என்று கிருஷ்ணராஜ் சார் வேகமாகச் சொன்னார். "மெஷின்ல வந்த இலக்கம் எல்லாம் எங்கிட்ட இருக்கு, நப்ரீஸ்."

இப்போது என் காது மட்டுமல்ல, உடம்பு முழுக்கச் சூடாகியது. அந்த மனிதரிடமிருந்துதான் நான் இலக்கத்தைக் கூட்டவும் நம்பவும் கற்றேன்.

நப்ரீஸ் சார் பேனாவை மூடவில்லை, கீழேயும் வைக்கவில்லை. "மிஸ், இது சின்ன விஷயம் இல்ல. எந்தக் கட்டுல எடுத்த மாதிரி? அதுல ஆரு மத்த நாரப் போட்டது? ஏன் போட்டாங்க? அதச் சொல்லுங்க, நான் எழுதணும்."

எட்டுப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். ஒரு பெயர் சொன்னால் போதும். ஆனால் யார் பெயரைச் சொல்வேன்? தோழிக்குப் பிடி நார் போட்டது குற்றம் என்று கம்பெனித் தாளில் எழுதவைக்க எனக்கு நாக்கு வரவில்லை. வெளியே லொறி உறுமுகிற சத்தம் கேட்டது. கல் பாதையில் அது மெதுவாக இறங்கத் தொடங்கியது.

"என்னோட கட்டு" என்றது ஒரு குரல்.

செசிலி அக்கா சாம்பல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேசையடிக்கு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை, கட்டைத்தான் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு கிலோ சேராதுங்க ஐயா. மத்தவங்க போட்டு நெரப்புனாங்க. மேல இருக்கிறதெல்லாம் அவங்க நாரு. அடியில கெடக்கிறதுதான் என்னோடது." கட்டைப் புரட்டி, அடியிலிருந்து ஒரு பிடி உருவி மேசைமேல் வைத்தார். வெளிறி, பஞ்சுபோல் கிடந்தது. "வலையில இருக்கிற கயிறு முழுக்க இந்த அடி நாருதான். புள்ள சொல்றது நெசம். தொங்கவுட்டுப் பாருங்க."

அவரே பீலியடிக்குப் போய் பீப்பாவிலிருந்து கயிற்றை எடுத்துவந்தார். நான் அமுக்கி வைத்ததை எப்போது பார்த்தாரோ தெரியாது. மடுவத்து உத்திரத்தில் கொழுந்துத் தராசு தொங்கிய கொக்கி இன்னும் அப்படியே இருந்தது. இடது கையால் கயிற்றின் ஒரு முனையை அதில் முடிந்தார். கோணல் கை முடிச்சை அழுத்திப் பிடிக்கத்தான் உதவியது. ஒருவரும் அவருக்கு உதவப் போகவில்லை, அவர் முகம் அப்படியிருந்தது.

விஜயலெட்சுமி அக்காவும் இன்னொருத்தரும் மூலையில் அடுக்கியிருந்ததில் முதல் உர மூட்டையைத் தூக்கி மறுமுனையில் கட்டிவிட்டார்கள். கயிறு விறைத்தது. தண்ணீர் சொட்டியது. தாங்கியது.

இரண்டாவது மூட்டை. கயிறு முனகியது. நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து, பதினைந்து. அறுந்துவிடக் கூடாது என்றும் அறுந்துவிட வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டினேன். எந்தச் சாமியிடம் என்று நினைவில்லை. முப்பது ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

"ரெண்டு மூட்டை, நூறு கிலோ" என்று தொரை கையை விரித்தார். "வீணா நேரத்தப் போக்கிக்கிட்டு..."

கயிறு நடுவில் சரிந்தது. பட்டென்று அறவில்லை. இழை இழையாக, நனைந்த பாண் பிய்வதுபோல் பிய்ந்து, இரண்டு மூட்டையும் சீமெந்துத் தரையில் விழுந்தன. ஒரு மூட்டை வெடித்து வெள்ளை உரம் நப்ரீஸ் சாரின் சப்பாத்துவரை சிதறியது.

அவர் பேனாவை மூடினார். தொரையைப் பார்த்து, "லொறியத் திருப்பச் சொல்லுங்க" என்றார். தொரை அசையாததைக் கண்டதும் தானே வெளியே ஓடினார். வளைவு தாண்டுவதற்குள் அவர் கூப்பிட்ட சத்தத்தில் லொறி நின்றது.

பாடசாலைக்குச் சாமான்களைத் திரும்ப இறக்கியபோது எனக்குக் கிடைத்தது நன்றியல்ல, ஏச்சுத்தான். பிள்ளைகளோடு இன்னும் எத்தனை நாள் வாங்குப் பலகைமேல் படுப்பது என்று கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள். விஜயலெட்சுமி அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிருஷ்ணராஜ் சார் வண்டியில் ஏறும்போது, "முதல்ல இருந்து தொடங்கணும், தெரியுந்தானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். நப்ரீஸ் சார் மட்டும் கடைசியாக என்னிடம் வந்தார்.

"இன்னும் மூணு மாசம் தாறேன் மிஸ். அதுக்கு மேல கொழும்புல என்னால பேச ஏலாது. இந்த முறை கட்டோட அடியிலயும் எடுங்க."

எல்லாரும் போன பிறகு நான் மடுவத்துச் சுவரிலிருந்த அந்தத் தாளைக் கிழித்தேன். நான் ஒட்டிய பசை நல்ல பசை. ஓரங்கள் சுவரிலேயே நின்றுவிட்டன.

சனிக்கிழமை மத்தியானம் தொடங்கிய மழை ஞாயிறு காலைதான் விட்டது. நாங்கள் கீழ் லயத்துக்கு இறங்கியபோது மேடு அரைவாசி அங்கே இல்லை. வலை மண்ணோடு சுருண்டு வந்து லயத்தின் முதுகில் விழுந்திருந்தது. நாலாவது காம்பராவின் பின்சுவரும் ஐந்தாவதின் பின்சுவரும் உள்ளே சாய்ந்து, சேறு அடுப்பு மேடைவரை ஏறியிருந்தது. செசிலி அக்காவின் கட்டில் தெரியவில்லை. கட்டிலின் ஒரு கால் மட்டும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை என்னை ஏசிய ஒரு அம்மா தன் பிள்ளையை இறுக்கிக்கொண்டு சேற்றைப் பார்த்தபடியே இருந்தார். பதினொரு மணிக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்கிற நினைப்பு அன்றிலிருந்து இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

செசிலி அக்கா சேற்றில் இறங்கி, தன் சாமான் ஒன்றைக்கூடத் தேடாமல், வலையின் அறுந்த முனைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் கையோடு வந்தன. மேட்டின் உச்சியில் இடது ஓரத்து முளையில் ஒரேயொரு கயிறு அறாமல் விறைத்து நின்றது. முதலில் மாதிரிக்காகத் திரித்த கயிறு அது. வீணாக்க வேண்டாமென்று அதையும் வலையில் சேர்த்துக் கட்டியிருந்தோம்; வெள்ளிக்கிழமை யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அவர் அதன் இழையை விரலால் பிரித்துப் பார்த்தார்.

"இது அவங்க எனக்குப் போட்ட நாரு" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாளைக்கு மடுவத்துல எனக்குப் பேரு உண்டா புள்ள?"

வீடு சேற்றுக்குள் கிடக்கிறது, இவர் கேட்கிற கேள்வி இது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"பேரே இனி கெடையாதுக்கா. கிலோ கணக்கும் இல்ல. வேலைக்கு வந்தா முழு நாள். அவ்வளவுதான். தாளக் கிழிச்சுட்டேன்."

"அப்ப எனக்கு யாரும் போட வேண்டியதில்லயா?"

"வேண்டியதில்ல."

அவர் மேலே திரும்பி, உடைந்த மேட்டின் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்ற விஜயலெட்சுமி அக்காவைப் பார்த்துக் கத்தினார். "அக்கோய்! கேட்டீங்களா? இனி என் கட்டுல யாரும் கைய வைக்கக் கூடாதாம்!"

இரண்டு நாளாக என்னோடு பேசாத விஜயலெட்சுமி அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருந்தா நாங்க ஏன் புள்ள போடப் போறோம்?" என்றார்.